இறுதிப் போட்டியா, இறுதித் தொடரா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில் பட்டத்துக்கான ஆட்டங்கள் நடக்கும் ஜூன் மாதத்தில், தமிழ்ச் செய்திகளில் ‘இறுதிப் போட்டி’ என்ற சொல்லைப் பார்க்கிறோம். இரண்டு மூன்று நாள் கழித்து அதே இரண்டு அணிகள் மறுபடியும் ‘இறுதிப் போட்டி’யில் மோதுகின்றன. முன்பு முடிந்தது எது, இப்போது தொடங்குவது எது என்று புதிதாகப் படிப்பவர் திகைப்பார். ஆங்கிலத்தில் அமெரிக்கர்கள் ‘ஃபைனல்’ என்று சொல்வதில்லை, ‘ஃபைனல்ஸ்’ என்கிறார்கள். நாம் கவனிக்காமல் விடுவது அந்தப் பன்மை விகுதியை. ஏழு ஆட்டங்கள் வரை நீளக்கூடிய தொடர் அது. முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே கோப்பை.

‘என்.பி.ஏ. ஃபைனல்ஸ்’ என்ற பெயரே 1986-இல்தான் நிலைத்தது. அதற்கு முன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தத் தொடர் வேறு பெயர்களில் நடந்தது.

1946 ஜூன் 6 அன்று நியூயார்க்கில், என்.பி.ஏ.யின் முன்னோடியான பி.ஏ.ஏ. என்ற லீக் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பனி ஹாக்கி அரங்குகளின் உரிமையாளர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் வெறுமனே கிடந்தது. அந்த இரவுகளை நிரப்பக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தார்கள். லீகின் முதல் தலைவர் மாரிஸ் பொடோலாஃப், அப்போதே ஒரு ஹாக்கி லீகுக்கும் தலைவராக இருந்தவர். ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை 1939 முதல் ‘ஏழில் நான்கு’ முறையில் தீர்மானிக்கப்பட்டு வந்தது. பேஸ்பாலின் ‘வேர்ல்ட் சீரீஸ்’ அதற்கும் மூத்தது. ஒரே ஆட்டத்தில் பட்டத்தைத் தீர்க்காமல் தொடராக நீட்டும் பழக்கம் கூடைப்பந்துக்கு இந்த வழியாகத்தான் வந்தது என்பது என் கருத்து. ஒரு கூட்டம் டிக்கெட் வாங்குவதை விட ஐந்தாறு கூட்டங்கள் வாங்குவது அரங்க உரிமையாளருக்கு நல்லதுதானே. 1947 ஏப்ரலில் நடந்த முதல் தொடரில் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணி, சிகாகோ ஸ்டாக்ஸ் அணியை 4-1 என்று வென்றது. முதல் ஆட்டத்திலேயே ஜோ ஃபல்க்ஸ் 37 புள்ளிகள் எடுத்தார். அப்போது அது வெறும் ‘பி.ஏ.ஏ. ஃபைனல்ஸ்’.

1949 ஆகஸ்டில் பி.ஏ.ஏ. இன்னொரு லீகுடன் இணைந்து என்.பி.ஏ. ஆனது. அடுத்த ஆண்டு, ஜார்ஜ் மைக்கனின் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் சிரக்யூஸ் அணியை வென்ற தொடருக்குச் சூட்டிய பெயர் ‘உலக சாம்பியன்ஷிப் தொடர்’. பேஸ்பாலின் பெயர் வழக்கையே இவர்களும் பின்பற்றினார்கள். அதே 1950-இன் பிற்பகுதியில், சர்வதேசக் கூட்டமைப்பு நடத்திய முதல் உலகக் கூடைப்பந்துப் போட்டி அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்தது. அமெரிக்காவின் சார்பில் தொழில்முறை சாராத அணி ஒன்று போனது. அர்ஜென்டினா அதை 64-50 என்று தோற்கடித்துப் பட்டத்தை வென்றது. ஆக, ஒரே ஆண்டில் கூடைப்பந்துக்கு இரண்டு உலக சாம்பியன்கள். ஒருவரோடொருவர் ஆடவும் வழியில்லை, என்.பி.ஏ. வீரர்கள் சர்வதேசப் போட்டிகளில் ஆட 1989 வரை அனுமதி கிடையாது.

‘உலக’ என்ற அடைமொழி 1985 வரை நீடித்தது. பில் ரஸ்ஸலின் பாஸ்டன் செல்ட்டிக்ஸ் 13 பருவங்களில் 11 பட்டங்கள் வென்றது இந்தப் பெயரின் கீழ்தான். உலகம் இருக்கட்டும், அமெரிக்காவே அந்தத் தொடரை முழுதாகப் பார்க்காத காலமும் உண்டு. 1980 மே 16, ஆறாவது ஆட்டம். கணுக்கால் காயத்தால் லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் வரவில்லை. இருபது வயது மேஜிக் ஜான்சன் அவர் இடத்தில் நின்று 42 புள்ளிகள் எடுத்து லேக்கர்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தார். கூடைப்பந்து வரலாற்றின் மகத்தான இரவுகளில் ஒன்று அது. ஆனால் நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அதை நேரலையில் காட்டவில்லை. பதிவு செய்து இரவு பதினொன்றரைக்கு மேல் ஒளிபரப்பினார்கள்.

1984-இல் டேவிட் ஸ்டெர்ன் லீகின் ஆணையரானார். அந்த ஆண்டுத் தொடரிலேயே பாஸ்டனின் லாரி பேர்டும் லேக்கர்ஸின் மேஜிக் ஜான்சனும் ஏழு ஆட்டங்கள் வரை மோதினார்கள். சிறிது காலம் தொடருக்கு ‘ஷோடவுன்’ என்ற பெயரையும் முயன்று பார்த்தார்கள். சீட்டாட்டத்தில் கடைசியில் கையிலிருக்கும் சீட்டுகளை மேசைமேல் விரித்துக் காட்டுவதற்கான சொல் அது. நல்ல வேளை, நிலைக்கவில்லை. 1986-இல் ‘என்.பி.ஏ. ஃபைனல்ஸ்’ வந்தது. உலகம் போயிற்று, பன்மை நின்றது.

ஆனால் ‘உலக சாம்பியன்’ என்ற பேச்சு மட்டும் போகவில்லை. 2023-இல் புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற ஓட்டவீரர் நோவா லைல்ஸ், என்.பி.ஏ. பட்டம் வென்றவர்கள் தங்களை எப்படி உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். கூடைப்பந்து வீரர்கள் பலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். லைல்ஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. உலகின் தலைசிறந்த வீரர்கள் ஆடும் லீக் அது என்பது உண்மை: ஜெர்மனியின் நொவிட்ஸ்கி, கிரேக்கத்தின் யானிஸ், செர்பியாவின் யோகிச் மூவரும் இந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர்கள். 2019-இல் கனடாவின் டொராண்டோ அணியே கோப்பையைத் தூக்கியது. இருந்தாலும் வீரர்கள் உலகெங்குமிருந்து வருவது வேறு, உலகத்தோடு மோதி வெல்வது வேறு.

‘சாம்பியன்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘காம்பஸ்’, அதாவது வெளி, களம். களத்தில் இறங்கிப் பொருதுபவனே சாம்பியன். நம் ‘களம்’ போர்க்களமாகவும் நெற்களமாகவும் நிற்பதைப் போல, அந்த லத்தீன் சொல்லும் வயலுக்கும் போருக்கும் பொதுவாக இருந்தது. ‘ஃபைனல்’ வந்தது எல்லையைக் குறிக்கும் ‘ஃபினிஸ்’ என்ற சொல்லிலிருந்து. தமிழில் ‘இறு’ என்றால் முடிதல், அதிலிருந்து ‘இறுதி’. சொல்லின் கடைசி எழுத்தை ‘ஈறு’ என்பதும் அந்த வழிதான். பொருள் அப்படியே பொருந்துகிறது. குறை ‘போட்டி’ என்ற ஒருமையில் இருக்கிறது.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, கிளீவ்லேண்டுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்தது. இந்தத் தொடரின் வரலாற்றில் அந்த நிலையிலிருந்து அதுவரை யாரும் மீண்டதில்லை. கிளீவ்லேண்ட் அடுத்த மூன்றையும் வென்றது. ஏழாவது ஆட்டம் 93-89. இதில் எந்த ஆட்டத்தை ‘இறுதிப் போட்டி’ என்று எழுதுவது? ஏழையும் எழுதினால் பொய். ஏழாவதை மட்டும் எழுதினால், கிளீவ்லேண்ட் எந்தக் குழியிலிருந்து ஏறி வந்தது என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும்.

கிரிக்கெட்டுக்கு ‘டெஸ்ட் தொடர்’, ‘ஒருநாள் தொடர்’ என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டியதில்லை. விளையாட்டுச் செய்தி எழுதும் நண்பர்களே, வரும் ஜூனில் ‘இறுதித் தொடர், மூன்றாம் ஆட்டம்’ என்று எழுதுங்கள்.