வாதக் கட்டுரையின் அமைப்பு: இராமநாதனும் அப்துல் அஸீஸும்

கருத்தை எடுத்துரைப்பது வேறு. அதனை ஏற்கச் செய்வது வேறு. பின்னதற்கு உணர்ச்சியும் சொல்வளமும் மட்டும் போதா. சான்றுகளின் ஒழுங்கமைவே இன்றியமையாதது. இலங்கை வரலாற்றில் இவ்வுண்மையைத் தெளிவுறுத்தும் கட்டுரைகள் இரண்டு உள.

1888ஆம் ஆண்டு, சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரையொன்றை றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்தார். மொழி, வரலாறு, வழக்காறு, உடற்றோற்றம் என்னும் நான்கினையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சோனகர் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என அவர் முடிவு கண்டார். ஒரு சான்று தளரினும் ஏனையவை தாங்கும் என்பதே அவ்வமைப்பின் வலிமையாகும். ஆயின் அது வெறும் அறிவாராய்ச்சியாகக் கொள்ளப்படவில்லை. சோனகர் தமிழரேயாயின் சபையில் அவர்களுக்குத் தனிப் பிரதிநிதி எதற்கு என்னும் வினா அதனுள் அடங்கியிருந்தது. எனினும் 1889இல் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் நியமிக்கப்பட்டார்.

அக்கட்டுரைக்கு விரிவான மறுப்பு 1907இல் வெளிவந்தது. அதனை எழுதியவர் சோனகர் சங்கத்தைச் சார்ந்த ஐ. எல். எம். அப்துல் அஸீஸ். மறுக்கவியலாதவற்றை ஒப்புக்கொண்டமையே அவரது திறன் எனலாம். ஆதியில் வந்த அராபியர் நூற்றுக்குச் சற்று மேற்பட்டோரே என்பதையும், அவருட் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்திருக்கக்கூடும் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும் தமிழ் இரவல் மொழியே; மொழியால் இனம் தீர்மானிக்கப்படுவதில்லை என வாதிட்டார். இவ்வாறு எதிராளியின் முதற்றூணே அசைக்கப்பட்டது. எனினும் முயற்சியும் வீரமும் சோனகரின் அராபிய மரபைக் காட்டும் என்ற இடத்தில் அவரது வாதம் தளர்கின்றது, புகழ்ச்சி சான்றாகாது.

இருவர் வாதத்தையும் அம்பாறைக் கரையோரத்தில் உரைத்துப் பார்த்தல் பொருத்தமாகும். கல்முனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தாய்வழிக் குடிமுறையும், மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கும் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் ஒருங்கே காணப்படுகின்றன. இதனை இராமநாதன் பக்கத்தார் ஓரினம் என்பதற்குச் சான்றாகக் காட்டலாம். அஸீஸ் பக்கத்தார் மணவுறவாலும் அயலுறவாலும் வந்து சேர்ந்த வழக்கு எனலாம். சான்று ஒன்றே, முடிவுகள் இரண்டு. ஆகவே சான்றினை முன்வைப்பதோடு கட்டுரையாளனின் கடமை முடிவதில்லை. அது தன் முடிவுக்கே ஏன் இட்டுச் செல்கின்றது என்பதையும் அவன் நிறுவுதல் வேண்டும்.

இன்னுமொன்று நோக்கற்பாலது. ஒரு சமூகம் யாரென்பதை அதன் மூதாதையரே தீர்மானிப்பர் என்னும் எடுகோளை இருவருமே வினவாது ஏற்றனர். வரிப்பத்தான்சேனையில் வீட்டிலும் வயலிலும் தமிழ் பேசி, பள்ளிவாசலில் தொழும் உழவன், தன்னை முஸ்லிம் என உணர்வதற்கு நூற்றுவர் வந்த கப்பலைத் தேட வேண்டியதில்லை. தமிழைத் தன் மொழியென்பதற்கு மதம் மாறிய பாட்டனைத் தேட வேண்டியதுமில்லை. வாதக் கட்டுரையை எழுதப் புகுவோன் எதிராளியின் எடுகோளை மட்டுமன்றித் தன் எடுகோளையும் முதற்கண் சோதித்தல் வேண்டும் என்பதே இவ்விரு கட்டுரைகளும் உணர்த்தும் பாடமாகும்.