பிளாக்கில் ஒரு நம்பர், புக்கில் ஒரு நம்பர்

தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்கு வருகிறவர்கள் அங்கே நிற்கும் அம்பாசிடரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 4777 என்ற அதன் எண்ணும் அவரது தொப்பி, கண்ணாடியைப் போலவே ரசிகர்களுக்குப் பழக்கம். சென்னையில் வண்டி எண்ணுக்கு எப்போதுமே ஒரு தனி மரியாதை உண்டு. மெட்ராஸில் பதிவான எம்.சி. 1, துறைமுகத்தை வளர்த்தெடுத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார். எம்.சி. 3, உயர் நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியாருடையது.

ஆனால் நம்பர் பிளேட் ஆர்.டி.ஓ. கொடுப்பது. வண்டி பிறந்த கதை வேறு இரண்டு எண்களில் இருக்கிறது: சட்டகத்தில் குத்தியிருக்கும் சேஸ் நம்பர், பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர்.

அமெரிக்காவில் இந்த இரண்டும் ஒத்துப்போவதற்குப் பெரும் விலை உண்டு. 1960களின் கடைசியில் வந்த கமாரோ, கார்வெட் போன்ற கார்களின் பிளாக்கில், அந்த வண்டியின் அடையாள எண்ணிலிருந்து ஒரு பகுதியையும் ஷெவ்ரலே தொழிற்சாலை குத்தி அனுப்பியது. பிறந்தபோது இருந்த இன்ஜினே இன்றும் இருக்கிறது என்றால் சேகரிப்பவர்கள் அள்ளிக் கொடுப்பார்கள். அதனாலேயே மோசடியும் வந்தது. வேறொரு பிளாக்கின் மேல்முகத்தை மழுங்கச் சீவிவிட்டு, வேண்டிய எண்ணைப் புதிதாகக் குத்திவிடுவார்கள். அதைப் பிடிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, எண்ணுக்கு அடியில் இருக்கும் உலோகத்தை. தொழிற்சாலையில் அந்த முகத்தை அறுத்த இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். சீவிய பிளாக்கில் அந்தக் கோடுகள் போயிருக்கும். எண் கோணலாக இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. சுத்தியலால் கையால் அடித்த காலம் அது. அசல் எண்ணும் கோணலாக விழுந்திருக்கும்.

இந்த அளவுகோலைச் சென்னைக் கார்களின் மேல் அப்படியே வைத்தால் பெரும் அநியாயமாகிவிடும்.

காரணம் இங்கே நிலவிய தட்டுப்பாடு. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைக் கட்டியது. மயிலாப்பூர் வக்கீல்களும் டாக்டர்களும் ஓட்டிய குடும்ப வண்டி அது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, புது வண்டிக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. ஆகவே இருக்கும் காரை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. 948 சி.சி. இன்ஜின் தேய்ந்தால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டுவார்கள். அதுவும் தேய்ந்தால் ஸ்லீவ் இறக்குவார்கள். அதற்கும் மேல் தாங்காது என்றால் கூவம் கரையில் புதுப்பேட்டைதான் கதி. அங்கே காயலாங்கடைகளில் உடைத்து அடுக்கிய வண்டிகளுக்கு நடுவே ஒரு நல்ல பிளாக்கைத் தேடி எடுத்து வருவார்கள். அதில் ஏற்கனவே இன்னொரு காரின் எண் இருக்கும்.

அம்பாசிடரின் கதை இன்னும் நீளம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்தது 1980 வாக்கில்தான். டாக்சிக்காரர்களுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, செம்பியத்தில் சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் இன்ஜினையும், பிற்காலத்தில் மேட்டடோர் வேனின் இன்ஜினையும் ஏற்றினார்கள். ‘கன்வர்ஷன் வண்டி’ என்று அதை வெளிப்படையாகவே சொல்லி வாங்கினார்கள், விற்றார்கள்.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பதிவில் உள்ள விவரம் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே சொன்னது. 1988 சட்டத்தின் 52ஆம் பிரிவும் இதைத்தான் பேசுகிறது. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, புது எண்ணை ஆர்.சி. புக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சரிபார்க்கும் முறை எளிமையானது. கிரீஸைத் துணியால் துடைத்து, எண் இருக்கும் இடத்தில் மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்கள். குத்திய பள்ளங்கள் மட்டும் வெள்ளையாக நிற்க, எண் தாளில் ஏறிவிடும். இந்தப் பென்சில் பிரிண்டில் எழுத்தின் வடிவம், இடைவெளி, சாய்வு எல்லாமே பதிந்துவிடும். கையால் பார்த்து எழுதிய எண்ணில் அது கிடைக்காது.

உண்மையான திருட்டு வேறு ரகம். திருடிய வண்டியின் எண்ணைக் கிரைண்டரால் ராவிவிட்டு வேறு எண் குத்துவார்கள். அந்த வழக்குகளில் கைகொடுப்பது தடய அறிவியல். 1849இல் மெட்ராஸில் தொடங்கிய வேதியியல் பரிசோதனை ஆய்வகத்தின் வழிவந்த தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறை, மயிலாப்பூரில் காமராசர் சாலையில்தான் இருக்கிறது. அச்சு விழும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கும் கீழே உலோகம் நசுங்கிப்போகிறது. மேற்பரப்பை ராவினாலும் அந்த நசுக்கம் உள்ளே இருக்கும். அந்த இடத்தை மெருகேற்றி, காப்பர் குளோரைடு கலந்த அமிலத்தைத் தடவினால், நசுங்கிய இடம் மற்ற இடத்தைவிட வேறு விதமாக அரிக்கும். அழித்த எண் மங்கலாக எழும்பும். அது மறைவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். எண்ணை அழித்தவனும் பிளாக்கை மாற்றியவனும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய கார்களும் இருசக்கர வாகனங்களும் ‘வி.ஏ.’ வரிசையில் எண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அதற்கு ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கராஜில் பூட்டி வைத்த மகாராஜா கார்களுக்கு இந்த விதி பொருந்தும். ஐம்பது வருடம் மவுண்ட் ரோட்டில் ஓடிச் சம்பாதித்த டாக்சிக்கும், மூன்று தலைமுறையைச் சுமந்த ஹெரால்டுக்கும் பொருந்துவது கடினம்.

அமெரிக்காவில் ஒரு போன்டியாக் காரின் எண்ணைக் கொடுத்தால், தொழிற்சாலையில் அது எப்படி வெளிவந்தது என்ற ஆவணத்தை விலைக்கு வாங்கலாம். நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஆலை 1980களின் கடைசியில் நின்றுபோனது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் முடிந்தது. இன்ஜின் மாறிய தேதியும் பழைய எண்ணும் புது எண்ணும் சேர்ந்து மிஞ்சியிருப்பது பழைய ஆர்.சி. புக்கின் பழுப்பேறிய பக்கங்களில்தான். பழங்கால வாகனங்களைத் தேர்ந்தெடுக்கும் மாநிலக் குழு அந்தப் பக்கங்களையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.