பிழையின் ஒழுங்கு: பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பின்தங்கியோர் முன்னேறும் வழி

முன்னுரை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில், கணிதத்தில் பின்தங்கியவர்களுக்கென்று தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு தனி ஏற்பாடு நடக்கிறது. மெல்லக் கற்போர் பட்டியல் தயாராகும். மாலையில் சிறப்பு வகுப்பு தொடங்கும். நூற்றுக்கு 35 மதிப்பெண்ணை எட்டப் போதுமான வினாக்கள் தேர்ந்தெடுக்கப்படும். எட்டு மதிப்பெண் வரைபடம், எட்டு மதிப்பெண் செய்முறை வடிவியல், மனப்பாடத்துக்கு உரிய சில சூத்திரங்கள் ஆகியவை அதில் முதலிடம் பெறும். இதற்குப் பின்னால் ஆசிரியர்களின் உண்மையான அக்கறையும் உழைப்பும் இருக்கின்றன. ஆனால் பத்தாம் வகுப்புப் பாடம்தான் மாணவருக்கு வரவில்லை என்ற கணிப்பின்மேல் இந்த ஏற்பாடு நிற்கிறது. பெரும்பாலான தடுமாற்றங்கள் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையில் மனத்தில் ஊன்றிவிட்ட தவறான சில விதிகளிலிருந்து வருகின்றன. அவற்றைக் கண்டறிந்து திருத்திய பிறகே பயிற்சி பலன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிழை பிறக்கும் இடம்

(−2, 3), (4, −5) ஆகிய புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வைக் காண வேண்டும். மாணவர் சூத்திரத்தைச் சரியாக எழுதுகிறார். எண்களையும் சரியாகப் பிரதியிடுகிறார். பகுதியில் 4 − (−2) = 6 என்று சரியாகவே வருகிறது. தொகுதியில் −5 − 3 இருக்கிறது. அங்கே 8 என்று எழுதிவிடுகிறார். −4/3 என்று வரவேண்டிய விடை 4/3 ஆகிவிடுகிறது.

இந்த மாணவருக்கு ஆயத்தொலை வடிவியல் தெரியும். அவர் தொகுதியில் கையாண்டது, ‘மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்’ என்ற விதி. பெருக்கலுக்கு உரிய அதைக் கூட்டல் கழித்தலுக்கும் நீட்டிவிட்டார். பகுதியில் அதே விதி தற்செயலாகச் சரியான விடையைத் தந்ததால், அதன்மேல் அவருக்குள்ள நம்பிக்கையும் வலுப்படுகிறது. இந்நிலையில் சாய்வு காணும் கணக்குகள் இன்னும் பத்தைக் கொடுத்தால், அந்தத் தவறான விதிக்கே பத்து முறை பயிற்சி கொடுத்தவர்களாவோம். இருபடிச் சமன்பாட்டிலும் கூட்டுத்தொடர்வரிசையிலும் அது மறுபடி தலைகாட்டும்.

சமன்பாடுகளிலும் இதே கதைதான். ஒரு மாறியின் 2 மடங்கு 6 எனில் மாறியின் மதிப்பு என்ன என்று கேட்டால், ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற விதிப்படி 6இலிருந்து 2ஐக் கழித்து 4 என்பவர்கள் உண்டு. இருபுறமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்ற காரணம் மறைந்து, விதி மட்டும் மிஞ்சியதன் விளைவு இது.

ஆய்வுகள் காட்டுவது

பிழைகளுக்கு ஒழுங்கு உண்டு என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் கழித்தல் கணக்குகளை வைத்து விளக்கினர். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால், அக்குழந்தை அடுத்த கணக்கில் எழுதப்போகும் தவறான விடையையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அடித்தளம் எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பதை 2012இல் ராபர்ட் சீக்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்க, பிரிட்டன் மாணவர்களின் நெடுங்காலத் தரவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். தொடக்கப்பள்ளியின் இறுதியில் மாணவர்களுக்கு இருந்த பின்ன அறிவும் வகுத்தல் அறிவும், உயர்நிலைப் பள்ளியில் அவர்கள் கணிதத்தில் எட்டிய நிலையை முன்னறிவித்தன. குடும்ப வருமானத்தையும் அறிவுத்திறனையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நிலைத்தது. நம் நாட்டு நிலையை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 26 மாநிலங்களின் 28 கிராமப்புற மாவட்டங்களில் 14 முதல் 18 வயதினரிடம் கல்வி நிலையை ஆராயும் ஏசர் (ASER) அமைப்பு 2023இல் கணக்கெடுத்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43.3 விழுக்காட்டினர் மட்டுமே. வகுத்தல் கைவராத மாணவரிடம் பல்லுறுப்புக்கோவையை வகுக்கச் சொல்கிறோம்.

திருத்தும் முறை

முதல் வேலை கண்டறிதல். முழுக்கள், பின்னம், தசமம், எளிய சமன்பாடு ஆகியவற்றிலிருந்து ஒரு பக்க வினாத்தாள் போதும். விடையைத் திருத்துவதோடு நில்லாமல், ‘இதை எப்படிப் போட்டாய், சொல்’ என்று கேட்க வேண்டும். மாணவரின் வாயிலிருந்து வரும் காரணத்தில்தான் அந்த விதி வெளிப்படும்.

இரண்டாவது, விதியை மாணவரே சோதித்துப் பார்ப்பது. −5இல் நின்று எண்கோட்டில் இடப்பக்கம் 3 அலகு நகர்ந்தால் −8க்குத்தான் போக முடியும். இரு எண்களைக் கூட்டி வர்க்கப்படுத்துவதும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுவதும் ஒன்றே என்று நம்புபவர், 3ஐயும் 4ஐயும் வைத்துப் பார்க்கட்டும்: ஒன்று 49, மற்றது 25. சாய்வுக் கணக்கிலும் இரு புள்ளிகளைக் குறித்துக் கோட்டை வரைந்தால், அது இடமிருந்து வலமாக இறங்குவது தெரியும். சாய்வு மிகை எண்ணாக இருக்க வழியில்லை. தன் விடையைத் தானே சோதிக்கத் தெரிந்த மாணவர் விடைப்பக்கத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பது. இயற்கணிதத்தில் இவற்றைப் படித்தவர்கள் அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் குறைந்த பிழைகளோடும் செய்தார்கள் என்று ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் காட்டினர். வேறு வகைக் கணக்குகளுக்கு அந்தப் பயன் நீளவில்லை. ஆகவே எடுத்துக்காட்டைப் படித்து, மூடிவைத்து, ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லி எழுதிப் பார்த்த பிறகு, கலப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

கலப்புப் பயிற்சியின் வலிமையை டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் கல்லூரி மாணவர்களிடம் கண்டனர். திண்மங்களின் கனஅளவு காணும் கணக்குகளை வகைவாரியாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தனர்; கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, முதல் குழு 20 விழுக்காடும் இரண்டாம் குழு 63 விழுக்காடும் பெற்றன. உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம் என்று தலைப்பு பார்த்துச் செய்யும்போது, எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது.

நேரம் போதுமா?

தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கையில் ஆறாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்ப முடியுமா என்ற கேள்வி நியாயமானது. தேர்ச்சி பெறாவிட்டால் மேற்படிப்பு தடைப்படும். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் திரும்ப வேண்டியது முழுப் பாடநூலுக்கு அல்ல, அந்த மாணவரிடம் கண்ட சில விதிகளுக்கு மட்டுமே. குறிப் பிழை ஒன்றைத் திருத்தினால் இயற்கணிதம், தொடர்வரிசை, ஆயத்தொலை வடிவியல் மூன்றிலும் மதிப்பெண் மீளும். தேர்ந்தெடுத்த வினாக்களை மனப்பாடம் செய்வதால் கிடைப்பது அந்த வினாக்களுக்கு உரிய மதிப்பெண் மட்டுமே; அதுவும் எண் மாறினால் நழுவும்.

முடிவுரை

சிறப்பு வகுப்பின் தொடக்க நாள்களைக் கண்டறிதலுக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் பிழைக் குறிப்பேடு இருக்க வேண்டும். திருப்புதல் தேர்வுகளில் மதிப்பெண்ணோடு பிழையின் வகையையும் எழுதித் தர வேண்டும். இவற்றுக்குப் புதிய நிதியோ கருவியோ தேவையில்லை. விடைத்தாளை வாசிக்கும் முறை மாற வேண்டும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று நம்பும் பிள்ளையிடம், ‘நீ ஒரு விதியைப் பொருந்தாத இடத்தில் பயன்படுத்துகிறாய்’ என்று விடைத்தாளைக் காட்டிச் சொல்லும்போது, திறமையைப் பற்றிய தீர்ப்பு செய்யக்கூடிய ஒரு வேலையாக மாறுகிறது. அந்த வேலையைச் செய்து முடிக்கும் வாய்ப்பை ஒவ்வொரு மாணவருக்கும் தருவது பள்ளியின் கடமை.