சொத்து ஏடும் புகார் ஏடும்

1950களில் அமெரிக்காவில் ஒரு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ ஐபிஎம் கணினி தேவைப்பட்டால், பெரும்பாலும் அதை விலைக்கு வாங்கமாட்டார்கள். மாத வாடகைக்கு எடுப்பார்கள். இயந்திரம் ஐபிஎம்முக்குச் சொந்தம். பழுது பார்க்க வரும் பொறியாளரும் ஐபிஎம் ஆள்தான். மென்பொருளுக்கென்று தனி விலை கிடையாது, அதுவும் வாடகைக்குள்ளேயே அடக்கம். எந்த அறையில் என்ன இயந்திரம் நிற்கிறது, போன வாரம் அதில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைத்தது.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. ஏகபோகத் தடுப்பு வழக்கு ஒன்றின் சமரசமாக, கணினிகளை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் 1956-ல் ஐபிஎம் ஒப்புக்கொண்டது. 1969 ஜூனில் மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் தனித்தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. கணினி வைத்திருக்கும் நிறுவனத்தின் தலையில் இப்போது இரண்டு கவலைகள் ஏறின. என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை லைசென்ஸ் இருக்கிறது என்பது ஒன்று. எது நின்றுபோனது, யார் சரிசெய்வது என்பது மற்றொன்று. முதல் கவலை கணக்குப் பிரிவுக்கும் இரண்டாவது கணினிப் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்தன. சொத்து ஏடு ஓர் அறையில், புகார் ஏடு இன்னோர் அறையில்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்ததும் நிலைமை கைமீறியது. கணினி என்பது குளிரூட்டிய ஓர் அறைக்குள் நின்ற காலம் போய், ஒவ்வொரு மேசையிலும் ஒன்று முளைத்தது. கொள்முதல் பிரிவைக் கேட்காமலே துறைகள் வாங்கிக்கொண்டன. ஒரு ஃபிளாப்பியில் இருந்த மென்பொருள் பத்துக் கணினிகளுக்குப் பரவியது. மென்பொருள் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. மென்பொருள் திருட்டுக்கு எதிரான கூட்டமைப்பு பிரிட்டனில் 1984-லும், பிசினஸ் சாஃப்ட்வேர் அலையன்ஸ் அமெரிக்காவில் 1988-லும் தோன்றின. சொத்துக் கணக்கை ஒழுங்காக வைக்கும் வேலைக்கு லைசென்ஸ் ஆடிட் பயம் பெரிய உந்துதலாயிற்று. இதற்கிடையில், 1987-ல் கார்ட்னர் நிறுவனத்தின் பில் கிர்வின் ஒரு கணினியின் முழு ஆயுட்செலவைக் கணக்கிடும் முறையை முன்வைத்தார். வாங்கும் விலை அந்தச் செலவில் ஒரு பகுதிதான். பராமரிப்பு, உதவி, பயிற்சி, வேலை தடைப்பட்ட நேரம் ஆகியவையே மிச்சத்தை விழுங்குகின்றன என்பதை அது காட்டியது. அப்படியொரு கணக்கைப் போடச் சொத்து ஏடு மட்டும் போதாது. புகார் ஏட்டையும் பக்கத்தில் விரித்துவைக்க வேண்டும்.

பிரிட்டிஷ் அரசுக்கும் இதே தலைவலி. அதன் துறைகளுக்குக் கணினி விஷயத்தில் வழிகாட்டிய சிசிடிஏ என்ற அமைப்பு, 1989 முதல் சிறு சிறு கையேடுகளாக ஒரு தொகுப்பை வெளியிடத் தொடங்கியது. ஐட்டில் என்று உலகெங்கும் அறியப்படும் அந்தத் தொகுப்பு, சில ஆண்டுகளில் முப்பது நூல்களைத் தாண்டியது. உதவி மேசைக்கு ஒரு நூல், மாற்றங்களைக் கையாள ஒரு நூல், கான்ஃபிகரேஷன் மேலாண்மைக்கு ஒரு நூல். கடைசியாகச் சொன்ன கலை, அமெரிக்க ராணுவம் விமானங்களையும் ஏவுகணைகளையும் கட்டும்போது வளர்த்தது. ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஏவுகணையில் ஒரு வால்வை மாற்றினால் அது வேறு எதையெல்லாம் தொடும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கேள்வியை அரசு அலுவலகத்துக் கணினி அறைக்குள் கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் இரண்டு ஏடுகளும் ஒரே பொருளை எவ்வளவு வேறாகப் பார்க்கின்றன என்பது புலப்படும். ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். அதன் விலை, வாங்கிய தேதி, தேய்மானம், வாரன்டி முடியும் நாள், எப்போது கழித்துக்கட்டலாம் என்பதெல்லாம் சொத்து ஏட்டில் இருக்கும். அதன்மேல் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அது நின்றால் எந்தத் துறையின் சம்பளப் பட்டுவாடா நிற்கும், எந்தச் சர்வரோடு அது பேசுகிறது என்பதெல்லாம் புகார் ஏட்டுக்குத் துணையான கான்ஃபிகரேஷன் பதிவில் இருக்கும். நள்ளிரவில் சர்வர் விழுந்துவிட்டது என்று புகாரைக் கையில் எடுக்கும் பொறியாளருக்கு இரண்டும் வேண்டும். வாரன்டி முடிந்தது தெரியாமல் விற்பனையாளரை அழைத்தால் நேரம் போகும். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்தால் வேறு மூன்று சேவைகள் படுத்துவிடும்.

பல நிறுவனங்கள் தங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று முழுமையாக எண்ணிப் பார்க்க நேர்ந்தது 1990களின் கடைசியில். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்கள் 2000 பிறந்ததும் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பயம் அப்போது பரவியிருந்தது. எந்த நிரலைத் திருத்துவது என்று முடிவு செய்யும் முன் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன என்ற பட்டியல் வேண்டும். ஆகவே ஒய்2கே வேலையின் முதல் கட்டமே கணக்கெடுப்பாக இருந்தது.

பட்டியலைப் புகாரோடு இணைக்கும் மென்பொருட்களும் இந்தக் காலத்தில்தான் வளர்ந்தன. சான் டியேகோவின் பெரெக்ரின் நிறுவனம் சர்வீஸ்சென்டர் என்ற புகார் கையாளும் மென்பொருளை விற்றுவந்தது. 1997-ல் ஆப்சிலாக் நிறுவனத்தை வாங்கியதன் வழியே சொத்துக் கணக்குக்கான அசெட்சென்டரும் அதன் கைக்கு வந்தது. ஒரே கடையில் இரண்டு ஏடுகளும் கிடைத்தன, ஆனால் தனித்தனி மென்பொருட்களாக. கணக்கு மோசடி வெளிப்பட்டு 2002-ல் பெரெக்ரின் திவாலானது. 2005-ல் எச்பி அதை வாங்கிக்கொண்டது. பெரெக்ரினில் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஃபிரெட் லுடி 2003-ல் தொடங்கிய சிறு நிறுவனமே பின்னாளில் சர்வீஸ்நவ் ஆனது. இணையத்தில் இயங்கும் ஒரே தளம், ஒரே தரவுத்தளம் என்பது அதன் அடிப்படை. புகாரைப் பதியும் பக்கத்திலிருந்தே அது எந்தச் சாதனத்தைப் பற்றியது என்று பார்த்துவிடலாம்.

சென்னைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. இன்று ஸோஹோ என்று அறியப்படும் நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு உருவாக்கிய சர்வீஸ்டெஸ்க் பிளஸ், உதவி மேசையையும் சொத்துப் பதிவேட்டையும் ஒரே மென்பொருளில் கொடுத்தது. சென்னையில் 2010-ல் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸின் ஃபிரெஷ்சர்வீஸும் பிறகு அதே பாதையில் வந்தது. பெரும் பணம் கட்ட முடியாத நடுத்தர நிறுவனங்களுக்கும் இரண்டு ஏடுகள் ஒரே திரையில் கிடைத்தன.

கோட்பாடும் ஒருவழியாக இதை ஏற்றது. 2007-ல் வந்த ஐட்டில் மூன்றாம் பதிப்பு, சொத்தையும் கான்ஃபிகரேஷனையும் ஒரே செயல்முறையாக்கிப் பெயரிலேயே இரண்டையும் சேர்த்துவைத்தது.

ஆனால் நூலில் சேர்ந்தது நிறுவனங்களுக்குள் சேர்ந்துவிடவில்லை. அதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் பெரும் ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வந்தது. கடன் தகுதிக் கணக்கு வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம், மறுநாளே நானூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள் 48 மணி நேரத்தில் திருத்த வேண்டும் என்பது உத்தரவு. வாடிக்கையாளர்கள் தங்கள் கடன் விவரத்தில் பிழையிருந்தால் முறையிடும் இணையதளத்தில் அந்த ஸ்ட்ரட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பதை அறிந்த நிரலாளரின் பெயர் மின்னஞ்சல் பட்டியலில் இல்லை. நிறுவனத்திடம் முழுமையான சொத்துப் பட்டியலும் இல்லை. ஊடுருவலைக் கண்காணிக்க வேண்டிய கருவியோ, டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் பல மாதங்களாகக் கண்மூடிக் கிடந்தது. மே மாத நடுவில் உள்ளே புகுந்தவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தார்கள். ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. அவற்றில் சமூகப் பாதுகாப்பு எண்களும் பிறந்த தேதிகளும் இருந்தன. கடவுச்சொல்லை மாற்றுவதுபோல் மாற்றிக்கொள்ளக்கூடிய விவரங்கள் அல்ல அவை. 'எது நம்மிடம் இருக்கிறது' என்ற ஏடும் 'யார் அதைச் சரிசெய்ய வேண்டும்' என்ற ஏடும் சந்தித்திருந்தால், மார்ச் மாதமே அந்தக் கதவு அடைக்கப்பட்டிருக்க முடியும்.

2019-ல் வந்த ஐட்டில் நான்காம் பதிப்பு, சேர்த்துவைத்ததை மறுபடி பிரித்தது. அதன் 34 நடைமுறைகளில் ஐடி சொத்து மேலாண்மை ஒன்று, சேவைக் கான்ஃபிகரேஷன் மேலாண்மை வேறொன்று. பணத்தைப் பார்க்கும் கண்ணும் பழுதைப் பார்க்கும் கண்ணும் வேறு வேறு திறமைகளைக் கேட்கின்றன என்பதால் இந்தப் பிரிவுக்கு நியாயம் உண்டு. ஆயினும், பிரித்துவைத்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டிய தேவை கொஞ்சமும் குறையவில்லை.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சின்னஞ்சிறு நிரல் தொகுப்பில் ஓட்டை வெளிப்பட்டபோது அந்தத் தேவை மறுபடி தெரிந்தது. அபாய அளவில் பத்துக்குப் பத்து. எண்ணற்ற ஜாவா மென்பொருட்களுக்குள் அது ஒளிந்திருந்தது. தாங்கள் வாங்கிய மென்பொருளுக்குள் அது இருப்பது வாங்கியவர்கள் பலருக்கே தெரியாது. டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமை மத்திய அரசின் சிவில் துறைகள் அனைத்துக்கும் அவசர ஆணை பிறப்பித்தது. அதில் முதல் கட்டளை ஒரு பட்டியல் கேட்டது: இணையத்திலிருந்து தரவு வாங்கும் அமைப்புகள் அனைத்தையும் டிசம்பர் 23 மாலை ஐந்து மணிக்குள் எண்ணி முடிக்க வேண்டும். பட்டியலில் பாதிக்கப்பட்டவற்றைத் திருத்துவதற்கும் அதே கெடுதான். பாதிக்கப்பட்டவற்றையும் எடுத்த நடவடிக்கையையும் 28-ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நடுவே அந்தத் துறைகளின் ஊழியர்கள் இரண்டு ஏடுகளையும் ஒன்றாக விரித்துவைத்து வரி வரியாகச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள்.