கடல் கடந்தவர் கொண்டு வந்த சரக்கு

முக்கடலும் கூடும் குமரி முனையில் நாள்தோறும் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. நெடுந்தொலைவு கடந்து வருகிறார்கள் பக்தர்கள். கடலில் மூழ்குகிறார்கள். பாவம் தொலைந்ததென்று பூரிக்கிறார்கள். பலநிற மணலைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பயணம் முடிந்தது, பணம் கரைந்தது, மனம் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது!

கடலில் குளிக்காமல், கடலைக் கடந்தார் ஒருவர். அவர் கொண்டு வந்த சரக்கு என்ன? அதைக் கணக்கெடுப்பதே நம் நோக்கம்.

1931 டிசம்பர் 13. சென்னைத் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பலொன்றில் மூவர் ஏறினர். 52 வயதுப் பெரியார்; உடன் எஸ். இராமநாதன், ஈரோடு இராமு. கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் மிரட்டிய நாடு இது. கெட்டொழிய வேண்டியதே சாதிதான் என்று ஊரூராய் உரைத்தவருக்கு அந்த மிரட்டல் எம்மாத்திரம்?

நாஞ்சில் நாட்டார் நாம் இங்கே ஒன்றை நினைவுகூர வேண்டும். அந்நாளில் நாம் திருவிதாங்கூர் மன்னரின் குடிகள். 1924இல், வைக்கம் கோவிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமை கேட்டதற்காக, இதே பெரியாரைச் சிறையில் தள்ளியது அந்த அரசு. தெருவில் நடக்க உரிமை கேட்டுச் சிறை சென்ற கால்கள், ஏழாண்டு கழித்து உலகின் தெருக்களை அளக்கப் புறப்பட்டன!

எகிப்து, கிரேக்கம், துருக்கி எனத் தொடர்ந்தது பயணம். துருக்கி 1924இல் கலீபா பதவியை ஒழித்த நாடு. 1928இல் எழுத்தையே மாற்றிய நாடு. அதைக் கண்டு வந்தவரே 1935இல் ‘குடிஅரசு’ ஏட்டில் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். துருக்கி ஒன்றே அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் எழுத்து, மாற்றத்தகாத தெய்வமன்று என்பதை மெய்ப்பித்த நாடு அது. 1978இல் தமிழ்நாடு அரசு அச்சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்றது. இன்று நாம் கரும்பலகையில் ‘லை’ என்றும் ‘னை’ என்றும் எழுதும்போது, பிள்ளைகளின் சுமை குறைந்ததை உணர்கிறோம்.

பின்னர் சோவியத் நாடு. 1932இன் தொடக்கத்தில் சென்று, ஏறத்தாழ மூன்று திங்கள் தங்கினார். ஆலைகளைக் கண்டார், பண்ணைகளைக் கண்டார், ஆணுக்கு நிகராய் உழைக்கும் பெண்களைக் கண்டார். கோடையில் செர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் முதலிய நாடுகள். செர்மனியில் இட்லர் ஆட்சி ஏறுவதற்குச் சில திங்களே இருந்தன. ஸ்பெயின் முந்தைய ஆண்டுதான் மன்னராட்சியைத் துறந்திருந்தது. இங்கிலாந்தில், மெக்ஸ்பரோ என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில், 1932 சூன் 20 அன்று, தொழிற்கட்சியினர் கூட்டிய கூட்டத்திலேயே பேசினார். விருந்தாளி புகழ்மாலை சூட்டினாரா? இல்லை! உங்கள் கட்சி ஆண்டபோது இந்தியத் தொழிலாளிக்கு என்ன செய்தது என்று கேட்டார். வெள்ளையர் நாட்டை வியக்கச் சென்றவரல்லர் அவர், ஆராயச் சென்றவர்.

பகுத்தறிவாளர் என்போர் கசப்பையும் மறைத்தலாகாது. அதே 1932, 1933 ஆண்டுகளில் உக்ரைன் பகுதியில் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். விருந்தினர் கண்ணுக்கு அது படவில்லை. சோவியத் ஒன்றியமே 1991இல் கலைந்துவிட்டது. ஆகவே, காசிக்கு மாற்றாக மாஸ்கோவைப் புண்ணியத் தலமாக்குவது பகுத்தறிவாகாது. கண்டதைச் சிந்தித்து, தன் மண்ணுக்கு வேண்டியதைத் தேர்வதே பயணம். கண்டதையெல்லாம் கும்பிடுவது யாத்திரை!

1932 நவம்பரில் அவர் தமிழகம் திரும்பினார். கொண்டு வந்தது என்ன? முதலில் ஒரு சொல்: ‘தோழர்’! திரு, திருமதி, ஸ்ரீ எல்லாம் வேண்டா, அனைவரையும் தோழர் என்றே அழைப்போம் என்றார். அடுத்து ஒரு திட்டம்: டிசம்பர் இறுதியில் சிங்காரவேலரோடு கூடி ஆக்கிய ஈரோட்டுத் திட்டம். விலையும் கொடுத்தார். இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று 1933இல் எழுதியதற்காக அவரையும், ஏட்டின் வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளையும் அரசு சிறைக்கனுப்பியது.

அடக்குமுறை கடுமையானது. 1934இல் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. 1935இல் பெரியார் சமதர்மப் பிரசாரத்தைத் தளர்த்தி, இயக்கத்தைக் காக்க முனைந்தார். நம் பூதப்பாண்டி தந்த ஜீவானந்தம் அதை ஏற்காமல் வேறு வழி கண்டார். உடன் பயணம் செய்த இராமநாதனோ 1937இல் காங்கிரசு அமைச்சரானார். யார் சரி? சாதிப்பகையை எதிர்க்க இயக்கம் உயிரோடு இருக்கவேண்டும் என்றவர் பெரியார். வயிற்றுப்பசியைத் தள்ளிவைக்க முடியாது என்றவர் ஜீவா. இருவரும் பிரிந்த இடத்தில்தான் நம் வேலை இன்னும் முடியாமல் கிடக்கிறது என்பதே நம் கருத்து.

தோழர்களே! இன்று நாஞ்சில் நாட்டு இளைஞர் வளைகுடாவுக்குப் பறக்கிறார்கள், ஐரோப்பாவுக்கும் செல்கிறார்கள். எந்தச் சாதியார் என்று கேளாத ஊர்களில் உழைக்கிறார்கள், உண்கிறார்கள், உறங்குகிறார்கள். விடுமுறையில் வீடு திரும்பியதும் என்ன நடக்கிறது? சொந்தச் சாதியில் பெண்; நூறு பவுனா, இருநூறு பவுனா என்று பேரம்! பன்னாட்டுக் கடவுச்சீட்டு கையில். பழைய சாதிச்சீட்டு நெஞ்சில்! குமரி மணலைப் பொட்டலம் கட்டிப் போகும் பக்தரை இனி எந்த வாயால் நாம் எள்ளி நகையாடுவது?

அடுத்த விடுமுறைக்கு வரும் தோழா, பெட்டியில் என்ன கொண்டு வந்தாய் என்று ஊர் கேட்கும். மண்டையில் என்ன கொண்டு வந்தாய் என்று நாம் கேட்போம். விடையைச் சொல்லால் தரவேண்டா. உன் திருமணத்தால் தா!