நகை என்னும் தீர்ப்பு

கசப்பு மருந்தின்மேல் தடவிய தேன் என்று நகைச்சுவையை மேடைதோறும் புகழ்கிறோம். இந்த உவமை சரியென்றால், கேட்பவர் தேனைச் சுவைத்துவிட்டு மருந்தைத் துப்பிவிடவும் கூடும். பல பிரசார நாடகங்களுக்கு நேர்வதும் அதுவே. சிறந்த நகைச்சுவையில் சிரிப்பையும் செய்தியையும் அப்படிப் பிரித்தெடுக்க இயலாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகையை எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதன் நிலைக்களன்களை நான்காக வகுக்கிறார். ஒன்றை எள்ளி நகைக்கவும், பேதைமை கண்டு நகைக்கவும், முறை எது பிறழ்வு எது என்ற அளவுகோல் நகைப்பவர் மனத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே, சிரிக்கும்போதே அவர் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறார். பிறர் சொல்லும் அறிவுரையை மறுத்துவிடலாம். தாமே வழங்கிய தீர்ப்பை மறுப்பது அரிது.

பழைய திருவிதாங்கூர் இதற்கு இரண்டு வலுவான சான்றுகளைத் தருகிறது. 18ஆம் நூற்றாண்டில் அம்பலப்புழையிலும் பின்னர்த் திருவனந்தபுரம் அரசவையிலும் வாழ்ந்த குஞ்சன் நம்பியார், ஓட்டன் துள்ளல் என்னும் ஆடல்பாடல் வடிவைக் கேரள மக்களின் கலையாக்கினார். அவர் எடுத்துக்கொண்டவை புராணக் கதைகள். ஆனால் அவற்றில் நடமாடுவோர் அவர் காலத்து அதிகாரிகளும் வீம்பு பேசும் படைவீரர்களும்தான். ‘கல்யாண சௌகந்திகம்’ துள்ளலில், வழியில் கிடக்கும் கிழக்குரங்கின் வாலைப் பீமனால் அசைக்க முடிவதில்லை. அங்கே சிரித்தவர், வலிமையின் செருக்கு வெறுமை என்பதை ஒப்புக்கொண்டவரே. நாகர்கோவிலில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இதே உத்தியை வேறு திசையில் கொண்டுசென்றார். 1949இல் வெளியான ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்ற ‘கிந்தனார்’ காலட்சேபம், கேட்டுப் பழகிய நந்தனார் சரித்திர வடிவை அப்படியே ஏற்கிறது. ஆனால் நந்தன் ஏங்கியது சிதம்பர தரிசனத்துக்கு; கிந்தன் ஏங்குவதோ கல்விக்கு. பக்திக் கதைக்குரிய பாட்டும் பேச்சும் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒலிக்கும்போது எழும் சிரிப்பில், சாதியின் பெயரால் கல்வியை மறுப்பது அபத்தம் என்பது விளக்கவுரை இல்லாமலே விளங்கிவிடுகிறது.

சிரித்தவர்கள் சிரித்துவிட்டு வீடு திரும்பினார்கள், அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் உண்மை உண்டு. கேரளக் கோயில்களில் நடந்த சாக்கியார் கூத்தின் விதூஷகன் அரசனையே கேலி செய்யலாம். அந்த உரிமையை மரபு வழங்கியிருந்தது. அனுமதி பெற்ற கேலி, அடைபட்ட ஆவிக்கு வடிகாலாகி அரசனுக்கே துணை செய்யவும் கூடும். ஆனால் யார் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயிலின் கூத்து அரங்கான கூத்தம்பலத்தில் எழுந்த கேலி உயர்குலத்தாருக்குள் சுற்றி வந்தது. நம்பியார் அதைக் கூத்தம்பலத்துக்கு வெளியே, எளிய மலையாளத்தில் கொண்டுவந்தார். அப்போதும் துள்ளல் நடந்த கோயில்களின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936இல்தான். கிந்தனாரின் கதை திரையரங்குக்கு வந்தபோது, கிந்தனின் நிலையில் இருந்தவரும் சீட்டு வாங்கி உட்கார்ந்து சிரிக்க முடிந்தது. கூலி உயர்வைச் சிரிப்பு பெற்றுத் தராது. அது தொழிற்சங்கத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. அதற்கு முன்பே கலைய வேண்டிய அச்சத்தைக் கலைப்பதுதான் சிரிப்பின் வேலை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: நகைச்சுவை நலிந்தவரையும் புண்படுத்துகிறதே? புண்படுத்துகிறது. தமிழக-கேரள எல்லையின் இருபுறத் திரைப்படங்களும் அண்டை மொழிக்காரரைக் கோமாளியாக்கி எளிதாகக் கைதட்டல் வாங்கியிருக்கின்றன. எள்ளலுக்கு இலக்கு வேண்டும். இலக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் கலைஞனின் அறம் இருக்கிறது. கேரளத்தில் அகத்திய மலையடிவாரத்தில் உள்ள போனக்காட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த தேயிலைத் தோட்டம் நலிந்து, ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்ற ஊர் அது. வெளியுலகில் அது பெற்ற பெயரோ பேய் பங்களாவால் வந்தது. இல்லாத பேயைத் தேடி மலையேறுகிறவர் கண்ணுக்கு, ஒழுகும் லயக் குடியிருப்பில் வாழும் மனிதர் தென்படுவதில்லை. இங்கே தொழிலாளியின் பேச்சையோ உடையையோ கேலி செய்பவர் நம்பியாரின் வழியில் வந்தவரல்லர். பேய்க்குக் கிடைக்கும் கவனம் மனிதருக்குக் கிடைக்காத முரணைக் கேலி செய்பவரே அந்த வழியில் வந்தவர். அந்தக் கேலிக்குச் சிரிக்கும் வாசகர், தம் பாராமுகத்தின்மேல் தாமே தீர்ப்பெழுதிக் கொள்கிறார்.