கிண்ணத்தில் அளந்த சாமைச் சோறு

செம்மநத்தம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. வீட்டுச் சாப்பாட்டை முறையாக அளக்கக் கற்றுக்கொடுத்தது குன்னூர்.

அங்கே மருத்துவர் மெக்காரிசன் வளர்த்த ஊட்டச்சத்து ஆய்வகத்துக்கு 1935இல் இயக்குநரானவர் அய்க்ராய்டு. அவர் காலத்து ஆய்வாளர்கள் தராசோடு வீடு வீடாகப் போய், சமைக்கும் முன்பே தானியத்தையும் பருப்பையும் எண்ணெயையும் நிறுத்தார்கள். எந்தப் பண்டத்தில் என்ன சத்து என்ற அட்டவணை 1937இல் வெளிவந்தது. வளர்ந்த ஆணை ஒன்று என்று வைத்து, பெண்ணையும் பிள்ளைகளையும் அதன் பங்காகக் கணக்கிட்டார்கள். இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை உண்டு: கடைசியில் மிச்சத்தைத் தின்னும் தாய் அதில் தெரியவே மாட்டாள்.

1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, ஒவ்வொருவரிடமும் முந்தைய நாள் உணவை அளவுக் கிண்ணங்களைக் காட்டிக் கேட்டது. அரைக் கிலோ சாமை வெந்து பத்துக் கிண்ணம் சோறானால், இரண்டு கிண்ணம் தின்றவருக்கு 100 கிராம் சாமை. எவ்வளவு நேர்மையான கணக்கு!

ஆனால் போகிற வழியில் பறித்துத் தின்ற கொய்யாவை யாரும் தானாகச் சொல்வதில்லை. ஒரு நாளின் சாப்பாடு ஒரு வருடத்தையும் சொல்லாது. எங்கள் சேர்வராயன் மலைக்குக் கணக்கெடுக்க வருபவர்களே, காப்பி பறிக்கும் மார்கழியில் ஒரு முறையும் மழைக்கால ஆடியில் ஒரு முறையும் வாருங்கள். தாயிடம் தனியாகக் கேளுங்கள்.